கண்டி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளை எந்தக் கணக்கில் வரும்? (மாவட்டக் கோட்டாவும் மலையகத்து விஞ்ஞானப் பிரிவும்)

#1 புசல்லாவைக்காரன்

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி) வெளியாகிற ஒவ்வொரு முறையும் வருகிற சண்டை இந்த முறையும் வந்துவிட்டது. எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில், கொழும்பில் இருக்கும் ஒரு நண்பர் நுவரெலியா மாவட்டத்து வெட்டுப்புள்ளியை (அதை இசட் புள்ளி என்ற அளவில்தான் சொல்வார்கள்) படம் பிடித்துப் போட்டு, "மலையகத்துக்கு இவ்வளவு இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள், இதற்கு மேலும் என்ன கேட்கிறீர்கள்?" என்றார். அங்கே பதில் எழுதி அலுத்துவிட்டது. இங்கே நிதானமாகப் பேசலாம் என்று தொடங்குகிறேன்.

முறை தெரியாதவர்களுக்காக. பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சை நாடு முழுக்க ஒன்றுதான். மருத்துவம், பொறியியல் மாதிரியான துறைகளில் 40 வீதம் இடம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகும். 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரியும். மிச்சம் 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியல் போட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை, களுத்துறை இல்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். புசல்லாவை கண்டி மாவட்டம். அதே வீதியில் ரம்பொடைப் பக்கம் ஏறினால் நுவரெலியா மாவட்டம். இங்கேயும் தேயிலை, அங்கேயும் தேயிலை. இங்கேயும் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்), அங்கேயும் லயம். நாட்சம்பளம் கூட ஒன்றுதான். ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளை பின்தங்கிய மாவட்டம், இந்தப் பக்கத்துப் பிள்ளை டிரினிட்டி, கிங்ஸ்வுட், தர்மராஜ, ஹில்வுட் பிள்ளைகளோடு ஒரே வரிசை. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பிள்ளைகள் கேகாலைக் கணக்கில் காணாமல் போகிறார்கள். தெனியாயத் தோட்டங்களில் இருப்பவர்கள் மாத்தறைக் கணக்கில். அங்கே தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் படிக்க எங்கே போவது என்று யாராவது சொன்னால் நல்லது.

"மலையகத்துக்குக் கொடுத்தாயிற்று" என்கிறவர்கள் நுவரெலியா மாவட்டத்தையும் மலையகத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். மாவட்டம் என்பது கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் நடத்துவதற்குப் போட்ட கோடு. அதை வைத்துப் பிள்ளையின் வறுமையை அளக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

#2 வடமராட்சியான்

தம்பி, கேள்வி சரி. ஆனால் கோட்டா என்ற சொல்லைக் கேட்டாலே எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வயிறு எரியும். 1971இல் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்கள் 400க்கு 250 எடுக்க வேண்டும், சிங்களமொழி மூலத்துக்கு 227 போதும் என்றார்கள். பெயர் தரப்படுத்தல். 1974இல் மாவட்ட முறை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

பின்தங்கிய இடம், பின்தங்கிய மக்கள் என்ற நல்ல வார்த்தைகளைச் சொல்லித்தான் அதையும் செய்தார்கள். அதனால் எந்த அலகைப் போட்டாலும் நான் முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். படிக்கிற பெடியன் படிக்கட்டும், புள்ளி எடுக்கிறவன் போகட்டும். அரசாங்கத்துக்கு மனம் இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திருத்தட்டும். வெட்டுப்புள்ளியைத் திருத்துவது மலிவான வேலை, அதனால்தான் அதைச் செய்கிறார்கள்.

#3 தீவகத்தான்

அண்ணை, "புள்ளி எடுக்கிறவன் போகட்டும்" என்பது கேட்க நல்லாத்தான் இருக்கு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்ற சம ஆசன உத்தரவு வந்தபோது, 1930 வாக்கில், பள்ளிக்கூடங்களைக் கொளுத்திய ஊர் எங்கட ஊர். கீழே இருந்த பிள்ளையை வாங்கில் ஏற்றுவதற்கே சட்டம் தேவைப்பட்டது. இன்றைக்கும் யாழ்ப்பாணக் கல்வி வலயத்தில் இருக்கும் பெரிய கல்லூரிகளையும் தீவக வலயத்தில் இருக்கும் ஒரு பாடசாலையையும் "யாழ் மாவட்டம்" என்று ஒரே பெட்டிக்குள் போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். புசல்லாவைத் தம்பி கேட்கிற கேள்வி எங்களுக்கும் உண்டு.

#4 வடமராட்சியான்

மறுக்கவில்லை. ஆனால் இது மலையகத்து இழை, எங்கட சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுவம்.

#5 தேயிலைத்தூர்

நுவரெலியா வெட்டுப்புள்ளியைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. அந்த இடங்களில் போகிறவர்கள் எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள் என்று நினைக்கிறீர்களா? மாவட்டச் சனத்தொகையில் பாதிக்கு மேல் நாங்கள். ஆனால் பல்கலைக்கழகப் பட்டியலில் பாதி நாங்கள் இல்லை. நகரத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வலப்பனை, ஹங்குராங்கெத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் கஷ்டப்பட்டவர்கள்தான், குறை சொல்லவில்லை. இவர்களுக்கு மேல் வெளி மாவட்டத்தில் இருந்து வந்து பதிந்துகொள்கிறவர்கள் தனி. பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை, உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாய் என்பதுதான் கணக்கு. ஆகவே 11ஆம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே பிள்ளையைக் கொண்டுவந்து இங்கே சேர்த்துவிட்டு, ரியூசனுக்கு ஊருக்கே அனுப்புகிறார்கள். இடாப்பில் பெயர் இருக்கும், வாங்கில் ஆள் இருக்காது. இது ஊரறிந்த விஷயம்.

#6 பௌதிகம் டீச்சர்

இந்தக் களத்தில் அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. ஹட்டன் வலயத்தில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன் என்பதால் சில விஷயம் சொல்லலாம் என்று தோன்றியது.

நீங்கள் எல்லோரும் வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது 19 வயதில் வருகிறது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் கதை 16 வயதிலேயே முடிந்துவிடுகிறது.

பாடசாலைகளை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் உண்டு. 1சி என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும் மட்டும். வகை 2 என்றால் 11ஆம் தரத்தோடு சரி. வகை 3 ஆரம்பப் பாடசாலை. தோட்டப்புறத்தில் வகை 3 ஏராளம், வகை 2 நிறைய, 1சி கொஞ்சம். 1ஏபி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். இது நேற்று முளைத்ததும் இல்லை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் கிடந்தது. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு, அதற்குப் பிறகு கொழுந்துக்கூடை. 1948இல் குடியுரிமையும் போனதால் கேட்பதற்கு நாதியில்லை. எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது. மற்ற ஊர்களில் மத்திய கல்லூரி கட்டி ஒரு தலைமுறை பட்டதாரி ஆன பிறகு இங்கே இரண்டாம் ஆசிரியர் வந்தார்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். சாதாரண தரத்தில் கணிதம் ஏ, விஞ்ஞானம் ஏ. படித்தது ஒரு 1சி பாடசாலை. பெறுபேறு வந்த வாரத்தில் அப்பா என்னைத் தேடி வந்தார், தெரிந்த ஒருவர் சொல்லி. "டவுன் ஸ்கூலுக்குப் போட்டா மாசம் என்ன முடியும் டீச்சர்?" கொழுந்து எடை எழுதிய துண்டு ஒன்று சட்டைப் பையில் இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதினோம். பஸ் சீசன். மூன்று பாடத்துக்கும் வார இறுதி வகுப்பு. பாடக்குறிப்புகள் போட்டோ கொப்பி. வகுப்பு முடிய ஆறு மணி, தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் ஐந்தரைக்கு, ஆகவே ஓட்டோ அல்லது டவுனில் ஓர் அறை. அறைக்குப் பெண் பிள்ளையைத் தனியே விட அம்மா சம்மதிக்க மாட்டார். நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபா ஆனது, அதுவும் அன்றைக்குரிய கொழுந்தைப் பறித்துப் பேர் விழுந்தால்தான். அவர் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, "ஆர்ட்ஸ்லயும் நல்லா வரலாம்தானே டீச்சர்" என்றார். வரலாம்தான். அவள் இப்போது அதே பாடசாலையில் தமிழ், வரலாறு, அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள்.

அவளுக்கு எந்தக் கோட்டாவில் இடம் ஒதுக்கி என்ன? உயிரியல் விடைத்தாளே அவள் எழுதப் போவதில்லை.

#7 தேயிலைத்தூர்

டீச்சர், 1ஏபி பலகை மாட்டிய பாடசாலையின் நிலைமையையும் கொஞ்சம் சொல்லுங்கள். நான் படித்த இடத்தில் ஆயிரம் பாடசாலைத் திட்டத்தில் மஹிந்தோதய ஆய்வுகூடம் கட்டிக் கொடுத்தார்கள். கட்டடம் அருமையான கட்டடம். கணினிகளைப் பிளாஸ்டிக் உறையோடு வைத்திருந்தோம், தூசு பட்டுவிடுமாம்.

#8 பௌதிகம் டீச்சர்

உறை மட்டுமா. நான் முதலில் போன பாடசாலையில் நீளத்தை நுட்பமாக அளக்கும் வேர்னியர் இடுக்கிமானியும் நுண்மானித் திருகுக் கணிச்சியும் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. திறப்பு அதிபரிடம். வருடக் கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பாசிரியர் கட்ட வேண்டும் என்ற பயம். பிள்ளைகள் இடுக்கிமானியின் வாசிப்பை நான் கரும்பலகையில் வரைந்த படத்தில்தான் பார்த்தார்கள். அமைப்புக் கட்டுரை வினாவில் பரிசோதனைக் கேள்வி வராமல் இருக்காது. பொருளைக் கையில் பிடித்த பிள்ளைக்கும் படத்தில் பார்த்த பிள்ளைக்கும் அந்த ஒரு வினாவில் விழும் வித்தியாசம் விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். பூச்சிய வழு என்றால் என்ன என்று மனப்பாடமாகச் சொல்வார்கள், பொருளைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பார்கள்.

ஆசிரியர் விஷயம் இன்னும் மோசம். இணைந்த கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் தமிழ்மொழி ஆசிரியர் நாட்டிலேயே குறைவு. வெளியூரில் இருந்து முதல் நியமனம் பெற்று வருகிறவர்கள் கஷ்டப் பிரதேசச் சேவைக்காலத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். முடிந்த மறுநாள் இடமாற்றக் கடிதம். அவர்களையும் திட்ட முடியாது, குடும்பம் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று எவ்வளவு காலம் இருப்பது? எங்கள் பிள்ளைகளையே ஆசிரியராக்கினால் நிற்பார்கள் என்று 2014, 2015 வாக்கில் ஆசிரிய உதவியாளர் நியமனம் கொடுத்தார்கள். நல்ல யோசனை. சம்பளம் மாதம் 6000 ரூபா! அப்புறம் 10,000 ஆக்கினார்கள். உயர்தரம் முடித்த பிள்ளை கொழும்பில் ஒரு கடையில் நின்றால் இதைவிட அதிகம் கிடைக்கும்.

#9 கணக்கர் கந்தையா

எல்லாம் சரி, ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெற்றோர் பக்கத்தில் பிழையே இல்லையா? தீபாவளிக்குக் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள், கோயில் திருவிழாவுக்குச் செலவழிக்கிறார்கள். 16 வயதுப் பையன் கொழும்புக் கடைக்குப் போய்ப் புதுப் போனோடு வந்தால் லயமே கூடி வேடிக்கை பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டைக் குறைத்தாவது பிள்ளையைப் படிப்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் அமைப்பு, அமைப்பு என்றால் எப்படி?

#10 புசல்லாவைக்காரன்

கந்தையா ஐயா, யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டைக் குறைத்துப் படிப்பித்தவர்களுக்குச் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் விஞ்ஞானக் கல்லூரி இருந்தது. மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டிலேயே வைத்துவிட்டுப் போனது. சைவப் பாடசாலைகளும் போட்டிக்கு வந்தன. படித்த மாமா, அரசாங்க வேலையில் பெரியப்பா என்று ஒவ்வொரு வீட்டிலும் கண்ணெதிரே ஆள் இருந்தார். எங்கள் லயத்தில் படித்து என்ன ஆகலாம் என்று காட்ட யார் இருந்தார்கள்? தோட்டத்துக் கிளார்க்கர் ஐயா. அந்த வேலைக்கும் துரை மனசு வைக்க வேண்டும்.

கடைக்குப் போகிற பையனையும் பாருங்கள். தன் பாடசாலையில் எட்டாம் வகுப்பில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, வரலாற்று சேர் வந்து கணக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் போனார். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை. கணிதம் இல்லாமல் உயர்தர விஞ்ஞானமும் இல்லை. அவன் முன்னால் இருப்பது கடையும் கொழுந்தும். கடையைத் தேர்ந்தெடுத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

#11 கணக்கர் கந்தையா

திருவிழாவைப் பற்றி நான் சொன்னதை விட்டுவிட்டீர்கள். பரவாயில்லை.

#12 கோத்தகிரி ரவி

வணக்கம். தமிழ்நாட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா, மலையகத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர். டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கே விட்டுவிட்டு வந்த அத்தை குடும்பம் இன்னும் டிக்கோயாவில்தான். அதனால் இந்த இழையை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்லலாமா? 2017இல் நீட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு கட்டாயமான பிறகு அரசுப் பள்ளியில் இருந்து மருத்துவம் போகிறவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியதாகிவிட்டது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாணவி அனிதாவின் மரணம் அந்த வருடம்தான். அப்புறம் நீதிபதி கலையரசன் தலைமையில் குழு போட்டார்கள், குழு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு சொன்னது, அரசு 7.5 சதவீதம் என்று 2020இல் சட்டம் போட்டது. ஆளுநர் கையெழுத்துக்குக் காத்திருந்து, அரசாணை வந்து, கடைசியில் அக்டோபர் முடிவில் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 300க்கும் மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்களுக்குப் போனார்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் பீஸ் கட்ட முடியாமல் நின்றபோது அரசே கட்டும் என்றார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது.

இதில் எனக்குப் பிடித்தது, மாவட்டத்தைப் பார்க்கவில்லை, பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தது என்பதைப் பார்த்தார்கள். சென்னை நடுவில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கும் கூடலூர்ப் பிள்ளைக்கும் ஒரே உரிமை. உங்கள் ஊரிலும் அப்படிக் கேட்க முடியாதா?

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். அரசு உதவிபெறும் பள்ளிகளைச் சேர்க்கவில்லை. அதே ஏழைப் பிள்ளை, அதே தமிழ்வழி, தெரு மாறிப் படித்ததால் வெளியே. அந்த 7.5க்குள்ளும் ஒரு வருடம் கோச்சிங்கில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

#13 தேயிலைத்தூர்

ரவி அண்ணே, டிக்கோயா அத்தை வீட்டுக்கு வந்தால் சொல்லுங்கள், தேத்தண்ணி நம்ம பொறுப்பு.

எங்கள் ஊரில் அரசுப் பாடசாலை, தனியார் பாடசாலை என்று பிரித்தால் பிரயோசனம் இல்லை. இங்கே ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் அரசுப் பாடசாலைதான். கண்டியிலும் கொழும்பிலும் இருக்கும் பெரிய தேசிய பாடசாலையும் அரசாங்கத்தினுடையது, எங்கள் தோட்டத்து டிவிசனில் (தோட்டப் பிரிவில்) தகரக் கூரையோடு நிற்பதும் அரசாங்கத்தினுடையது. ஒன்று மத்திய அமைச்சின் கீழ், மற்றது மாகாண சபையின் கீழ். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்த பிறகு அப்படிப் பிரித்தார்கள். நம்ம ஊரில் கோடு போட வேண்டிய இடம் 1ஏபிக்கும் மற்றவற்றுக்கும் நடுவில்.

#14 படுவான்கரையாள்

மட்டக்களப்பில் இருந்து. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, நகரம், பெரிய கல்லூரிகள், டியூட்டரிகள். அந்தப் பக்கம் படுவான்கரை, வயல், யானை, யுத்தம் போன பாதை. மாவட்டம் ஒன்றுதான், வெட்டுப்புள்ளி ஒன்றுதான். பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையை வாவிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம் அனுபவிக்கிறார்கள். படுவான்கரைக்கென்று மட்டக்களப்பு மேற்கு வலயம் தனியாகப் பிரித்தார்கள். கல்வி நிர்வாகத்துக்கு அது தனி, பல்கலைக்கழக அனுமதியை நடத்தும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அது தெரியாது.

அப்படிப் பார்த்தால் மாவட்டத்துக்குப் பதில் கல்வி வலயத்தை அலகாக வைத்தால் என்ன? நுவரெலியாவிலும் ஐந்து வலயம் இருக்கிறதுதானே. புசல்லாவை கம்பளை வலயம், கண்டி நகரத்தோடு மோதத் தேவையில்லை. தீவகத்துக்கும் தனியாகக் கிடைக்கும்.

#15 புசல்லாவைக்காரன்

இதுதான் எனக்கும் மனதில் இருந்தது. ஆதரிக்கிறேன்.

#16 வடமராட்சியான்

வலய எல்லையை யார் கீறுகிறார்கள்? அமைச்சும் மாகாணமும். தேர்தலுக்குத் தேர்தல் புது வலயம் கேட்பார்கள். மாவட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் போக வேண்டும், வலயத்தை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். இதை யோசித்தீர்களா?

#17 பௌதிகம் டீச்சர்

வடமராட்சி அண்ணா சொல்வது ஒன்று. இன்னொன்று, எங்கள் ஹட்டன் வலயத்தை எடுங்கள். ஹட்டன் டவுனில் நல்ல பெறுபேறு வாங்கும் கல்லூரி இருக்கிறது. அதே வலயத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே, டிவிசன் பாடசாலைகள் இருக்கின்றன. வலயத்தை அலகாக்கினாலும் டவுன் பிள்ளைக்குத்தான் போகும். வெளியில் இருந்து வந்து பதிகிறவர்கள் இப்போது மாவட்டம் பார்க்கிறார்கள், நாளைக்கு வலயம் பார்த்து வருவார்கள். இரண்டு இடம், மூன்று இடம் என்று சில்லறையாகப் பிரிந்த பிறகு ஒரு பிள்ளை மாறினாலே வெட்டுப்புள்ளி குதிக்கும்.

ரவி தம்பி சொன்ன மாதிரி பாடசாலையைப் பார்த்துக் கொடுக்கலாம் என்றாலும் ஒரு சிக்கல். அங்கே அரசுப் பள்ளியிலும் பிளஸ் டூவில் உயிரியல் இருக்கிறது, ஆசிரியரும் ஓரளவு இருக்கிறார், நீட்டில்தான் அடிபட்டார்கள். அதனால் ஒதுக்கீடு கொடுத்தவுடன் பிள்ளைகள் வந்தார்கள். இங்கே 1சி, வகை 2 பாடசாலைகளுக்கு மருத்துவத்தில் 5 வீதம் என்று நாளைக்கே வர்த்தமானி அடித்தாலும் விண்ணப்பிக்க ஒரு பிள்ளையும் இருக்காது. அங்கே விஞ்ஞானமே இல்லை. 11ஆம் தரம் வரை அங்கே படித்துவிட்டு உயர்தரத்துக்கு மட்டும் வெளியே போன பிள்ளைக்கு என்று வேண்டுமானால் எழுதலாம். அதற்கு முதலில் அந்தப் பிள்ளை வெளியே போக வேண்டும். கொழுந்துத் துண்டின் பின்னால் எழுதிய கணக்கு அப்படியே நிற்கிறது.

எனக்குக் கேட்கத் தோன்றுவது சின்ன விஷயம். ஒவ்வொரு தோட்டப்புறக் கல்விக் கோட்டத்திலும் ஒரு 1ஏபி, அதோடு சேர்ந்த விடுதி. பெண் பிள்ளைகளுக்கு முதலில். விடுதி இருந்தால் பஸ், ஓட்டோ, அறை, அம்மாவின் பயம் நான்கும் போய்விடும். வெளியூர் ஆசிரியருக்கும் அங்கேயே குவாட்டர்ஸ் போட்டால் வருடக்கணக்கை எண்ணாமல் இருப்பார்.

#18 கணக்கர் கந்தையா

விடுதி என்ற யோசனைக்கு என் வாக்கு. கோயில் கமிட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள், திருவிழாப் பணத்தில் ஒரு பங்கு. நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான்.

#19 தேயிலைத்தூர்

டீச்சரோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். விடுதி வரும் வரை கோட்டாவைப் பேசக்கூடாது என்றால் இன்னொரு தலைமுறை போய்விடும். 2001இல் இசட் புள்ளி வந்தது, அதற்கு முன் மூலப் புள்ளி, அதற்கு முன் தரப்படுத்தல். முறையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ போய் மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். மலையகத்தில் இருந்து யாரும் அந்த மேசைக்குக் கணக்கோடு போனதில்லை. சம்பளத்துக்குப் போராடுவோம், சரி. வீட்டுக்குக் காணி கேட்போம், சரி. 2023இல் இருநூறு வருடம் என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தோம். உயர்தர விஞ்ஞானத்துக்காக எந்தத் தொழிற்சங்கம் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தது?

#20 பௌதிகம் டீச்சர்

பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்டி, மாத்தளை, கேகாலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு இப்போதே நடக்கும் அநியாயம் தனியாகவே கேட்கத்தக்கது. வெட்டுப்புள்ளி இறங்கினால் நுவரெலியாவில் எங்கள் நிலைமை சரியாகிவிட்டது என்று புசல்லாவைத் தம்பியின் கொழும்பு நண்பர் மாதிரி ஆட்கள் நினைப்பதைத்தான் மறுக்கிறேன். கொள்கலன் கப்பல் மாதிரி பெரிய பெரிய எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு போகிறது மாவட்டப் புள்ளிவிவரம், அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

#21 புசல்லாவைக்காரன்

சரி, அப்படியானால் கணக்கை எடுப்போம். கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் நடத்தும் பாடசாலைகள் எவை, ஒவ்வொரு தோட்டத்தில் இருந்தும் அதற்கு எத்தனை பஸ் மாற வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. முதலில் அவ்வளவுதான். கம்பளைப் பக்கத்தை நான் பார்க்கிறேன். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்தில் இருந்து யாராவது இருந்தால் கை தூக்குங்கள். பாடசாலைப் பெயர், அதிபர் பெயர் எதையும் இந்த இழையில் போட வேண்டாம், உள்பெட்டிக்கு அனுப்புங்கள்.

#22 மழைக்காடு

தெரணியகலை. நான் செய்கிறேன். பஸ் நேரத்தை அட்டவணையில் போடுவதா, உண்மையில் வருகிற நேரத்தைப் போடுவதா?

#23 புசல்லாவைக்காரன்

உண்மையில் வருகிறதை. மழை நாளில் வராத பஸ்ஸைத் தனி நிரலில் போடுங்கள்.

#24 கோத்தகிரி ரவி

அட்டவணை தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள் அண்ணே. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் டேன்டீ லைன்களில் இருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பஸ்ஸுக்கும் இதே மாதிரி ஒன்று போடலாம் என்று நினைக்கிறேன். நிரல் தலைப்புகளை மட்டும் முன்னமே கொடுத்தால் நல்லது.